லில்லிப் பூச்சாடி வாங்கப் போகிறீர்களா? முதலில் மண்ணைக் கிண்டிப் பாருங்கள்

திருகோணமலையில் லொறியில் பூக்கன்று கொண்டுவந்து விற்பவர்களிடம் லில்லி வாங்க நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போனது 2,400 ரூபாய். காசு போனதை விட, மூன்று கிழமையாக "வெயிலை நான்தான் பிழையாகக் கொடுத்துவிட்டேன்" என்று என்னையே திட்டிக்கொண்டு திரிந்தேனே, அதுதான் இன்னும் எரிகிறது.

ஜூலை மாதம், பஸ் நிலையத்துப் பக்கம் லொறியை நிறுத்தி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு சாடியில் மூன்று தண்டு. ஒவ்வொன்றிலும் நாலைந்து மொட்டு, ஒன்று மட்டும் வெள்ளையாக விரிந்திருந்தது. வாசத்திலேயே நான் விழுந்துவிட்டேன். "மலைநாட்டுக் கன்று அக்கா. ஹோலுக்குள்ள எங்க வேணுமெண்டாலும் வையுங்கோ, வெயிலே தேவையில்லை. வருசா வருசம் பூக்கும்" என்றார். நானும் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஐந்தாம் நாள் இரண்டு தண்டு தலையைத் தொங்கப் போட்டன. மூன்றாவது, யன்னல் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. சாடியில் எழுதியிருந்த நம்பருக்கு எடுத்தேன். "வெளிச்சம் காணாது அக்கா, நல்ல வெயில்ல வையுங்கோ." சரி என்று மேற்குப் பக்க விறாந்தையில் வைத்தேன். கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் எங்கள் ஊர்ப் பின்னேர வெயில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரண்டே நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. திரும்பவும் எடுத்தேன். "வெயில் கூடிப்போச்சு அக்கா, நீங்கள் அப்பிடி வச்சிருக்கக்கூடாது."

முதலில் காணாது, பிறகு கூடிப்போச்சு. இரண்டு தடவையும் பிழை என் தலையில்தான். வெயில் என்பது இவர்களுக்கு வாய்த்த நல்ல சாட்டு. எவ்வளவு வெயில் பட்டது என்று எந்த வீட்டிலும் கணக்கு வைத்திருக்க மாட்டார்களே!

இடையில் டொரன்டோவிலிருந்து சின்னம்மாவும் தன் பங்குக்கு, "தெற்கு யன்னலில் வை பிள்ளை, நான் அப்படித்தான் வைக்கிறேன்" என்றார். அவருக்கு அது சரி. கனடாவில் சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகத்தான் போகும். திருகோணமலை 8.5 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூலையில் தெற்கு யன்னலுக்கு நேர்வெயில் ஒரு பொட்டும் வராது. டிசம்பரில் அதே யன்னலால் வெயில் உள்ளே வந்து நிலத்தில் படுத்துக் கிடக்கும். ஆகவே வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொல்கிற யன்னல் திசையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போகிறது போகட்டும் என்று தொங்கிப்போன தண்டு ஒன்றைப் பிடித்து இழுத்தேன். ஒரு தடையும் இல்லாமல் கையோடு வந்தது. அடியில் கிழங்கும் இல்லை, வேரும் இல்லை. கத்தியால் சரிவாக வெட்டிய வெட்டு, பூக்கடையில் கொத்துக் கட்டுவதற்கு வெட்டுவார்களே, அதேதான். மற்றதும் அப்படியே. வெட்டிய லில்லித் தண்டு தண்ணீரில் ஒரு கிழமைக்கு மேலும் வாடாமல் நிற்கும்; ஈர மண்ணில் குத்தி வைத்தாலும் விற்று முடிக்கும் வரை தாங்கும்தானே. மூன்றாவது தண்டில் மட்டும் பெரிய உள்ளி மாதிரி செதில் செதிலாக ஒரு கிழங்கு இருந்தது. மூன்றும் கன்று என்று வாங்கியதில் ஒன்றுதான் கன்று.

படம் எடுத்து அனுப்பினேன். "வெயில் பட்டு வேர் அழுகியிருக்கும் அக்கா" என்று பதில் வந்தது. அழுகிய வேர் கத்தி வெட்டுப் போலவா இருக்கும் என்று கேட்டேன். அதோடு அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

மிஞ்சிய ஒன்றைக் கிழக்கு யன்னலுக்கு மாற்றினேன். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை இளவெயில் நேரே படும், அதற்குப் பிறகு நாள் முழுக்க நல்ல வெளிச்சம் மட்டும். யன்னலை ஒட்டியே வைக்க வேண்டும். நாலடி உள்ளே தள்ளி வைத்தாலும் வெளிச்சம் மிக மோசமாகக் குறைந்துவிடும், நம் கண்ணுக்குத்தான் அது தெரிவதில்லை. நான் கையை ஒரு வெள்ளைத் தாளுக்கு ஓரடி மேலே பிடித்துப் பார்ப்பேன். நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் லில்லிக்குப் போதும். மங்கலாக ஒரு கறை மாதிரி விழுந்தால் காணாது. நாலு நாளைக்கு ஒருமுறை சாடியைக் கால்வாசி திருப்பி விட்டேன், சாய்ந்த தண்டு மெல்ல நேரானது. இருந்த நாலு மொட்டில் இரண்டு மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன, இரண்டு விரிந்தன.

"வெயிலே தேவையில்லை" என்று அவர் சொன்னது எங்கிருந்து வந்தது என்றும் பிறகு விளங்கியது. அது பீஸ் லில்லிக்குச் சொல்கிற கதை. பெயரில் லில்லி இருந்தாலும் அது சேம்பு வகைக் குடும்பம், நிழலில் நன்றாக நிற்கும், பூ ஒரு வெள்ளை மடல் மாதிரி இருக்கும். கிழங்கிலிருந்து நிமிர்ந்த தண்டு எழும்பி எக்காளம் போலப் பூக்கிற லில்லி வேறு. விற்பவர் இரண்டுக்கும் ஒரே பேச்சுப் பேசினால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பூனை வளர்ப்பவர்கள் இதை வாங்கவே வேண்டாம். இந்த லில்லியின் இலையைக் கடித்தாலும், மகரந்தம் உடம்பில் பட்டு அதை நக்கினாலும் பூனைக்குச் சிறுநீரகம் செயலிழந்து அது சாகக்கூடும். இதை அவர் மூச்சுக் கூட விடவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் யன்னலால் வந்து போகிறது, நல்ல காலம் தப்பியது.

வாங்கும்போது தண்டை மெதுவாக மேலே இழுத்துப் பாருங்கள். மண்ணும் சேர்ந்து தூக்குப்பட வேண்டும். தண்டு மட்டும் அசைந்தால் விரலால் மண்ணை விலக்கிக் கிழங்கைக் காட்டச் சொல்லுங்கள். "கிண்டினால் பட்டுப்போகும்" என்று மறுத்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

"வருசா வருசம் பூக்கும்" என்றதும் பாதிப் பொய்தான். மறுபடி பூக்க இந்தக் கிழங்குக்குப் பல கிழமை குளிர் வேண்டும். நுவரெலியாவில் கிடைக்கலாம், இங்கே திருகோணமலை உவர்மலையில் எங்கே கிடைக்கும்? இலை எல்லாம் காய்ந்த பிறகு கிழங்கை எடுத்து, கொஞ்சம் ஈரமான தும்புத்தூளில் போட்டு, பிரிட்ஜில் மரக்கறித் தட்டில் வைத்திருக்கிறேன். போன கிழமை அம்மா அதை உள்ளி என்று நினைத்து ரசத்துக்கு உரிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு செதில் போய்விட்டது. இப்போது பையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.