முன்சக்கர ஆக்ஸில் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? அரை மாதச் சம்பளம் போன கதை

அரை மாதச் சம்பளம். ஒரே ஒரு டிரைவ் ஆக்ஸிலுக்கு, அதாவது கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்தைச் சுழற்றும் தண்டுக்கு. அதைக் கழற்றி முன்னால் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கையில் கிரீஸ் கூடப் போகவில்லை. பெயர் சொல்லப் போவதில்லை. பல விற்பனையாளர்கள் கார் உதிரிபாகங்களை விற்கும் ஓர் ஆன்லைன் தளம், அதில் ஆக்ஸில் மட்டுமே விற்கும் ஒருவர். இவ்வளவு போதும்.

வலது பக்க ஆக்ஸிலில் ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்துவிட்டது. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் டக் டக் டக். இந்தச் சத்தம் வந்துவிட்டால் சக்கரப் பக்கமுள்ள வெளி ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆக்ஸில் மாற்றுவது எனக்குப் புதிதல்ல, அதனால் பாகத்தை மட்டும் தேடினேன்.

நம்பியது எதனால் தெரியுமா? அந்த ஆள் கேட்ட கேள்விகளால். சேஸிஸ் நம்பர் கேட்டார். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று கேட்டார். வெளி ஜாயிண்டில் ஏபிஎஸ் பிரேக் சென்சாருக்கான பல் வளையம் இருக்கிறதா, போட்டோ அனுப்புங்கள் என்றார். ஒரே மாடல் காரில்கூட கியர்பாக்ஸ் மாறினால் ஆக்ஸில் நீளமும் அதன் முனையிலுள்ள ஸ்ப்ளைன் பல்லும் மாறலாம். சும்மா பெட்டி விற்கிறவன் இதையெல்லாம் கேட்கமாட்டான். "வீட்டில் நானேதான் மாட்டப் போகிறேன்" என்று தெளிவாக எழுதினேன். "தாராளமா மாட்டுங்க சார், புத்தம் புது ஆக்ஸில், ரெண்டு வருஷ வாரண்டி" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. பணத்தை அனுப்பிவிட்டேன். பழைய ஆக்ஸிலைத் திருப்பி அனுப்பினால் திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டும் அதில் சேர்த்தி.

வந்தது. நீளம் சரி, பல் சரி, வளையம் சரி. மாட்டும்போது எதையும் அவசரப்படுத்தவில்லை. ஆயில் சீலில் கீறல் படாமல் உள்ளே விட்டு, அதை வெளியே வராமல் பிடிக்கும் சர்கிளிப் க்ளிக் என்று உட்கார்ந்ததா என்று இழுத்தும் பார்த்தேன். சக்கரத்தின் நடுவில் ஆக்ஸிலை இறுக்கும் ஆக்ஸில் நட்டும் புதிதுதான் போட்டேன், சரியான அளவுக்கு இறுக்க டார்க் ரெஞ்சில்தான் முறுக்கினேன். ஒழுகியதற்குப் பதிலாகக் கியர் ஆயிலையும் அளவு பார்த்து ஊற்றினேன்.

கொஞ்ச நாள்தான். அப்புறம் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டியின் முன்பக்கம் முழுக்க உதறல், காலை எடுத்தால் நின்றுவிடும். இது கியர்பாக்ஸ் பக்கமுள்ள உள் ஜாயிண்ட் தேய்ந்ததற்கான உதறல். புது ஆக்ஸிலில் எப்படி வரும்? கழற்றி பூட்டைத் திறந்தேன். ரோலர்கள் ஓடும் பாதையில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். தண்டில் இருந்த கறுப்புப் பெயிண்டைச் சுரண்டினால் அடியில் துரு தின்ற குழிகள். யாரோ ஓட்டித் தேய்த்ததற்குப் புது பூட்டும் புது பெயிண்டும் போட்டு, புதுசு என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒழுங்காக ரீகண்டிஷன் செய்த ஆக்ஸில் நன்றாகவே ஓடும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரீகண்டிஷன் என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்க வேண்டும்.

வாங்கும் முன் உடனுக்குடன் பதில் போட்டவர், பிறகு கிணற்றில் போட்ட கல். விடாமல் கேட்டதும் வீடியோ அனுப்பச் சொன்னார், அனுப்பினேன். போட்டோ கேட்டார், அதுவும் ஆச்சு. கடைசியில், "ஒர்க்‌ஷாப்பில் மாட்டிய பில் அனுப்புங்க. பில் இல்லாவிட்டால் வாரண்டி செல்லாது." வீட்டில் மாட்டுகிறவனிடம் ஒர்க்‌ஷாப் பில் எங்கிருந்து வரும்? அவருடைய "தாராளமா மாட்டுங்க" மெசேஜையே படமெடுத்து அனுப்பினேன். "நீங்க சுத்தியலால அடிச்சிருப்பீங்க" என்றார். தளத்திடம் போனால், மாட்டிய பொருளைத் திரும்ப எடுக்கமாட்டார்களாம், விற்பனையாளரிடமே பேசச் சொல்கிறார்கள். மாட்டாமல் உதறல் எப்படியய்யா தெரியும்?

டெபாசிட்டும் வரவில்லை. நான் அனுப்பிய பழைய ஆக்ஸில் "வளைந்திருக்கிறது" என்கிறார். நேராகத்தான் இருந்தது. இந்நேரம் அதற்கும் பெயிண்ட் அடித்து, இன்னொருவருடைய அரை மாதச் சம்பளத்தைப் பிடுங்கக் கிளப்பியிருப்பார்கள்.

ஆக்ஸில் எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாக: வந்ததும், மாட்டும் முன்பே, ஸ்ப்ளைன் பல்லின் இடுக்கிலும் பெயிண்டுக்கு அடியிலும் துரு இருக்கிறதா பாருங்கள். பெட்டி பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். "வீட்டில் மாட்டினாலும் வாரண்டி உண்டா" என்று நேராகக் கேட்டு, ஆம் என்று எழுத்தில் வாங்குங்கள். "தாராளமா" எல்லாம் செல்லாது. பழைய ஆக்ஸிலை, புதியது நன்றாக ஓடுகிறது என்று தெரியும்வரை கையை விட்டு அனுப்பாதீர்கள். அனுப்பும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம், என்னைப் போல ஆக்ஸில் கழற்றிய வண்டியை வைத்திருப்பவர்கள், அதைச் சக்கரத்தில் இறக்கி உருட்டாதீர்கள். ஆக்ஸில் நட் இறுக்கமாக இல்லாவிட்டால் நிறைய வண்டிகளில் வீல் பேரிங் போய்விடும்.