ராஜ்தூத் 350: பதினொரு ஆண்டுகளாக டைமிங் வைத்த அனுபவம்

யமஹா ஆர்டி350-ஐ அடிப்படையாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் இந்தியாவில் தயாரித்த ராஜ்தூத் 350 வண்டியொன்றைப் பதினொரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். 347 சிசி, டூ ஸ்ட்ரோக், இரட்டைச் சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயின்ட் (திறக்கும்போது தீப்பொறியை விழவைக்கும் தொடுமுனை), கண்டென்சர், காயில் உண்டு. வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்தள்ளும் அமைப்பு இதில் இல்லாததால், பிஸ்டன் உச்சிக்கு வர எவ்வளவு முன்பு தீப்பொறி விழ வேண்டும் என்று நாம் வைக்கும் அளவே, அதாவது டைமிங்கே, ஐட்லிங்கிலிருந்து முழு வேகம் வரை அப்படியே நிற்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகள், சத்தத்தைக் கேட்டே டைமிங் வைக்கும் ஒரு மெக்கானிக்கிடம் வண்டியை விட்டிருந்தேன். நெடுஞ்சாலையில் ஒரு நாள் வலப்பக்கப் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. அளந்து பார்த்தபோது இடப்பக்கம் 2 மி.மீ. என்று சரியாக இருக்க, வலப்பக்கத்தில் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 2.6 மி.மீ. முன்பே தீப்பொறி விழுந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் 0.2 மி.மீ. என்பது ஏறத்தாழ ஒரு டிகிரி. ஆகவே மூன்று டிகிரிப் பிழை. ஒரு சிலிண்டர் ஒழுங்காக ஓடும்போது மற்றதன் குறையைக் காது பிரித்தறிவது மிகக் கடினம் என்பதை அன்று உணர்ந்தேன்.

அதன் பிறகு, பிளக் துளையில் திருகி மாட்டி, பிஸ்டனின் நகர்வை மி.மீ.யில் காட்டும் டயல் கேஜ் ஒன்றை வாங்கினேன். இந்த வண்டிக்கென்று நான் செய்த செலவுகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை. முதலில் இரு பாயின்ட்களின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) 0.35 மி.மீ.க்கு வைத்துவிட வேண்டும். இடைவெளியைப் பின்னால் மாற்றினால் டைமிங்கும் சேர்ந்து நகர்ந்துவிடும். பிறகு டயலைப் பிஸ்டனின் உச்சியில் பூஜ்யமாக்கி, கிராங்கைப் பின்னோக்கி 4 மி.மீ. வரை கொண்டுபோய், எஞ்சின் ஓடும் திசையிலேயே மெல்லத் திருப்பி வருகிறேன். பாயின்ட் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே கட்டிய சிறு பல்பு, சாவி போட்ட நிலையில், மிகச் சரியாக 2 மி.மீ.யில் எரியத் தொடங்க வேண்டும். இரு பாயின்ட்களையும் தாங்கும் முழுத் தட்டையும் நகர்த்தி ஒரு சிலிண்டரை முடித்த பின்னரே, மற்றதன் பாயின்ட் அமர்ந்த சிறு தட்டைத் தொட வேண்டும். வரிசை மாறினால் இரண்டும் கலைந்துவிடும்.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பல்பு வெவ்வேறு அளவில் எரிந்தால் தட்டோடு போராடிப் பயனில்லை. எனக்கு அப்படி நேர்ந்தபோது குற்றம் தேய்ந்துபோன இடப்பக்கக் கிராங்க் பேரிங்கில் இருந்தது. கிராங்கோடு சுழன்று பாயின்ட்டைத் திறக்கும் கேம் ஆடிக்கொண்டிருக்கும்வரை எந்த அளவும் நிலைக்காது.

இப்போது 1,500 கி.மீ.க்கு ஒருமுறை பார்க்கிறேன். கேமில் உரசும் பாயின்ட்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறைந்து டைமிங் பின்தங்கும். கேமைத் தொடும் ஃபெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வந்தால் அந்தத் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. சென்ற முறை பார்த்தபோது இடப்பக்கம் 1.9, வலப்பக்கம் 1.85 என்றிருந்தது, இரண்டையும் மீண்டும் 2 மி.மீ.க்குக் கொண்டுவர அரை மணி நேரமே ஆயிற்று.