தனுஷ்கோடி சாலையில் ஓட்டம்: எந்த மாதம், எந்தக் கடல் பக்கம்?

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர். 2017-ல் இந்தச் சாலையைத் திறந்தார்கள். அதற்கு முன்னால் ஈர மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்தான் கதி. சில வருடங்களாக நான் ஓடுவது இங்கேதான். "அங்கே ஓட வரலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த மாதம் வருகிறீர்கள்? வேறு ஊரில் தூரத்தைப் பார்த்து ஓடலாம். இங்கே காற்றைப் பார்த்துத்தான் ஓட வேண்டும்.

சாலை தென்கிழக்காகப் போகிறது. போகும்போது வலது கைப்பக்கம் மன்னார் வளைகுடா, இடது கைப்பக்கம் பாக் நீரிணை. மீனவர்கள் வலப்பக்கத்தை ஆண் கடல் என்றும், இடப்பக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். முரட்டுக் கடல், சாதுக் கடல் என்று அர்த்தம். அதை நம்பி கார்த்திகையில் இடப்பக்கக் கரைக்குப் போனால், வாடைக்காற்று அடித்து அலை காலை வாரும். அந்த மாதங்களில் சாதுவாகக் கிடப்பது ஆண் கடல்தான். ஆனி, ஆடியில் நேர் எதிர். தென்மேற்குக் காற்று வலப்பக்கமிருந்து அறையும், தெறித்த உப்புத்தண்ணீர் சாலை வரை வரும். கடல் ரொம்பவும் பொங்கினால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். அதனால் ஆடியில் இடப்பக்கம், கார்த்திகையில் வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கரையில் இறங்குவதெல்லாம் புயலில் அழிந்த பழைய தனுஷ்கோடி ஊரைத் தாண்டிய பிறகுதான். முதல் ஐந்து கிலோமீட்டரில் இடப்பக்கம் பெரும்பாலும் உப்பங்கழியும் சேறும்தான், கால் வைத்தால் புதையும். தை, மாசியில் அங்கே பூநாரைகள் இறங்கும். 2025-ல் அரசு அந்தப் பகுதியைப் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. அதனால் முதல் பாதியைத் தார்ச்சாலையிலேயே ஓடி முடித்துவிடுங்கள். சாலை மட்டமானது, ஏற்றம் இறக்கம் கிடையாது. நிழலும் கிடையாது. ஆடிக் காற்றில் மணல் தரையோடு தரையாகச் சாலையைக் கடந்து ஓடும், கெண்டைக்காலில் ஊசி குத்துவது போல இருக்கும். அந்த மாதத்தில் மட்டும் முழங்கால் வரை இழுத்துவிடும் காலுறை போட்டுக்கொள்கிறேன். மார்கழியில் வேறு தொந்தரவு. சூரியன் ஏறக்குறைய சாலை போகும் திசையிலேயே உதிப்பதால் போகும் வழியெல்லாம் கண் கூசும். முன்பக்கம் நீண்ட தொப்பி இல்லாமல் வராதீர்கள்.

பழைய ஊரில் 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்து மிச்சமும் நிற்கின்றன. பார்க்காமல் ஓடிவிட யாருக்கும் மனசு வராது. நானும் அங்கே நின்றுதான் தண்ணீர் குடிப்பேன். தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது: காலையில் கடைகள் திறந்திருக்காது, பாட்டில் கையிலேயே இருக்கட்டும். இங்குள்ள குடும்பங்கள் மணலைத் தோண்டி, ஊற்றில் ஊறும் நல்ல தண்ணீரைக் கிண்ணத்தால் கலங்காமல் மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் குடிக்கிற தண்ணீர்! அது அவர்கள் வீட்டுக்கான தண்ணீர். முகம் கழுவ, கால் கழுவ அதைக் கேட்காதீர்கள்.

ஊர் தாண்டியதும் நிலம் ஒடுங்கி, இரண்டு கடலும் பக்கத்தில் வந்துவிடும். இங்கிருந்து மணல். அலை நனைத்துவிட்டுப் போன ஈரப் பட்டையில் மட்டும் ஓடுங்கள், காய்ந்த மணலில் கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கும். வலப்பக்கக் கரை சரிவானது. ஒரே திசையில் நெடுநேரம் ஓடினால் கடல் பக்கத்துக் கால் தாழ்ந்தே இறங்கி, முட்டி வலிக்கும். போன வழியே திரும்பினால் சரியாகிவிடும். இடப்பக்கம் சரிவு குறைவு, ஆனால் கடல்தாழை என்கிற கடற்புல் ஒதுங்கிக் குவியலாகக் கிடந்து வழுக்கும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஏறும் நேரத்தில் ஈரப் பட்டை ஒடுங்கிவிடும். வெறுங்காலோடு ஓட ஆசையா? உடைந்த சிப்பி, அறுந்த வலைத்துண்டு, தூண்டில் முள் எல்லாம் மணலில் கிடக்கும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

கரைவலை இழுக்கும் நாளில் கயிறு கடலிலிருந்து மேட்டு மணல் வரை இடுப்பு உயரத்தில் விறைத்து நிற்கும். தாண்டலாம் என்று தோன்றும். "கயித்தத் தாண்டாதீங்க தம்பி, அந்தப் பக்கமா சுத்திப் போங்க" என்று குரல் வரும். சுற்றிப் போக ஒரு நிமிஷம்கூட ஆகாது. வலை கரையேறும் நேரம் என்றால் நான் நின்று பார்த்துவிடுவேன், ஓட்டம் எங்கே போய்விடப் போகிறது. தை முதல் பங்குனி வரை மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி தெரிந்தால் அது ஆமை முட்டையிட ஏறி வந்த வழி. அதை மிதிக்காமல் ஒதுங்குங்கள். வனத்துறை ஆட்கள் அந்தத் தடத்தைப் பார்த்துத்தான் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

அரிச்சல்முனையில் சாலை வட்டமாக முடியும் இடத்தோடு திரும்பிவிடுங்கள். அதற்கு அப்பால் உள்ள மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும், நீரோட்டமும் வலுவானது. அங்கே இறங்கவே கூடாது.

ஷூ விஷயம். வலைத்துணி மேல்பாகம் உள்ள ஷூ தார்ச்சாலைக்குச் சுகம், மணலில் இறங்கினால் உள்ளே பாதி கடற்கரை சேர்ந்துவிடும். நெருக்கமான துணி உள்ளது பரவாயில்லை. கயிறு கோக்கும் துளையில் உலோக வளையம் வைத்த ஷூ வேண்டவே வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்றின் ஷூ எனக்கு ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்தது. கடையில் கேட்டால், உப்புத்தண்ணீர் பட்டதற்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள். இப்போது வீட்டுக்கு வந்ததும் உள்ளட்டையை உருவி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காய வைக்கிறேன். வெயிலில் வைத்தால் பசை விட்டுப்போகும்.

விடிவதற்கு முன்னால் சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள், இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். சனி, ஞாயிறு என்றால் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டும், சாலையோரம் ஓட இடம் இருக்காது. புதிதாக ஓடத் தொடங்குபவர்கள், குழந்தைகளோடு வருபவர்கள் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போகலாம். சவுக்கு நிழல், இறுகிய மணல், பெரிதாக அலை இல்லாத கடல். அதுவும் பாக் நீரிணைதான், ஆகவே ஐப்பசி, கார்த்திகையை விட்டுவிட்டு மற்ற மாதங்களில் போங்கள்.