பெட்டியா, குச்சியா, கூழாங்கல்லா: எந்தப் படக்கதையை வாங்கலாம்?

கையில் கிடைத்ததை வைத்து விளையாடும் பிள்ளைகளைப் பற்றி ஆங்கிலத்தில் படக்கதைகள் ஏராளம். மூன்றை மட்டும் பார்ப்போம். ஆன்ட்வானெட் போர்ட்டிஸ் எழுதி வரைந்த 'நாட் எ பாக்ஸ்' (2006), அதன் தம்பி 'நாட் எ ஸ்டிக்', அலிஸ் மெக்லெரன் எழுதி பார்பரா கூனி வரைந்த 'ராக்ஸாபாக்ஸன்' (1991). பாவனை விளையாட்டில் பாதியைப் படமே வரைந்து தருகிறதா, பிள்ளையிடம் விட்டுவிடுகிறதா என்பதில்தான் வித்தியாசம்.

முதல் புத்தகத்தில் ஒரு முயல் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். "ஏன் பெட்டிக்குள்ள உக்காந்திருக்கே?" என்று ஆள் தெரியாத ஒரு குரல். பக்கம் திரும்பினால் "இது பெட்டி இல்ல!" பெட்டியின் கறுப்புக் கோட்டின் மேலேயே சிவப்புக் கோட்டில் பந்தயக் கார். பிறகு மலையுச்சி, தீப்பற்றிய கட்டடம், ரோபோ. கறுப்பு நிஜம், சிவப்பு பாவனை. இரண்டரை வயதுக்கே பிடிபட்டுவிடும். வாசிக்கும்போது கேள்விப் பக்கத்தில் மூன்று நான்கு விநாடி வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்ன பிறகே புரட்டுங்கள். பலர் சொதப்புவது குரலில்தான். அதட்டிக் கேட்டால், முயல் ஏதோ தப்பு செய்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். வம்புக்கு இழுக்கிற தொனி போதும்.

'நாட் எ ஸ்டிக்' அதே அச்சுதான்: பன்றிக்குட்டி, குச்சி, நீலக் கோடு. ஒரே வேறுபாடு, இங்கே அந்தக் குரல் "குச்சி, ஜாக்கிரதை!" என்றே ஆரம்பிக்கிறது. நம் வீட்டுக் குரல்! ஆனால் பெட்டியைப் படித்த பிள்ளைக்குச் சூத்திரம் தெரிந்துவிடுவதால் திருப்பத்தில் சுவாரசியம் குறைவு. இரண்டையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. (அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள தேசியப் பொம்மைப் புகழரங்கில் அட்டைப்பெட்டி 2005-லும் குச்சி 2008-லும் இடம்பெற்றன. அங்கேயும் பெட்டிதான் முந்தி.)

'ராக்ஸாபாக்ஸன்' வேறு ரகம். அரிசோனாவின் யூமா ஊரில், மெக்லெரனின் அம்மா சிறுமியாக விளையாடிய பாலைவனக் குன்று அது. வெள்ளைக் கற்களை வரிசையாக வைத்தால் தெரு, கூழாங்கல்தான் காசு, வட்டமாக எது கிடைத்தாலும் ஸ்டியரிங். காரில் வேகமாகப் போனால் ஜெயில். குச்சிக் குதிரைக்கு அந்தச் சட்டம் கிடையாது. ஐஸ்கிரீம் கடை ஒன்று போதாதென்று இரண்டு. கூனியின் படங்களில் கல் பெரும்பாலும் கல்லாகவே கிடக்கிறது, மாளிகையைப் பிள்ளைதான் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் ஐந்து வயதுக்குள் எடுபடாது, வரிகளும் நீளம். ஆறேழு வயதில், நான்கைந்து பிள்ளைகள் கூடும் வீட்டுக்கு என்றால் என் ஓட்டு இதற்கே. ஒகோட்டியோ என்ற முட்செடி வாளாக வருமிடத்தில் 'முள்ளுக்குச்சி' என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

ஒரே ஒன்றுதான் வாங்க முடியும், பிள்ளைக்கு நான்கு வயதுக்குள் என்றால் பெட்டிதான். படித்த கையோடு நிஜப் பெட்டியும் கேட்பார்கள். முழங்கால் மடக்கி உட்காரும் அளவு வேண்டும். மிக்ஸி பெட்டி பற்றாது, வாஷிங் மெஷின் பெட்டி சரி. கொடுக்கும் முன் அடிப்பக்கத்து ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பட்டையை அறுத்துவிடுங்கள். கதவு, ஜன்னல் மட்டும் நீங்களாக வெட்டித் தராதீர்கள். வெட்டினால் அது வீடாகிவிடும், கப்பலாகாது.