நேரடிப் பிடிப்பா, படத்தொடரா?

ஸ்டாப்-மோஷன் (பொருளைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படமெடுத்து அசைவாக்குவது), டைம்-லாப்ஸ் (சீரான இடைவெளியில் எடுத்த படங்களை வேகமாக ஓட்டுவது) ஆகியவற்றை வீட்டுக் கணினியில் உருவாக்க இரண்டு வழிகள் உள்ளன. வெப்கேமைக் கணினியோடு இணைத்து, மென்பொருளின் பிடிப்புச் சாளரத்திலிருந்தே ஒவ்வொரு ஃபிரேமையும் (காணொளியின் தனிப்படம்) எடுப்பது ஒன்று. முக்காலியில் நிறுத்திய கேமராவில் படங்களை மெமரி கார்டில் எடுத்து, பின்னர் அவற்றைப் படத்தொடராக எடிட்டிங் மென்பொருளில் ஏற்றுவது மற்றொன்று. இரண்டையும் கையாண்ட பின், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்போடு இரண்டாவது வழியையே நான் தேர்ந்துகொண்டேன்.

நேரடிப் பிடிப்பின் பெரும் பலம் ஆனியன் ஸ்கின். முந்தைய ஃபிரேம் மங்கலாகத் திரையில் தெரிவதால், பொம்மையின் கையை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. நான் செய்தவை பெரும்பாலும் காகித உருவங்களே. மூட்டுகள் கொண்ட பொம்மைகளை நடக்கவைப்பவருக்கு இவ்வசதி இன்றியமையாததாக இருக்கலாம். அவர்கள் டிராகன்ஃபிரேம் போன்ற தனி மென்பொருளை நாடுவதே நல்லது. அதில் ஆனியன் ஸ்கின்னும் கிடைக்கும், இணைத்த கேமராவின் முழுத் தரப் படங்களும் கிடைக்கும். விலைதான் பொழுதுபோக்காளரைத் தயங்கவைக்கிறது.

என் தேர்வைத் தீர்மானித்தது, எடுத்து முடித்த பின் எவ்வளவு மாற்ற முடியும் என்பதே. வெப்கேம் தருவது பெரும்பாலும் 1920 x 1080 அளவுப் படம்; அதைப் பெரிதாக்கினால் தெளிவு கெடும். 24 மெகாபிக்சல் கேமராவின் படமோ 6000 x 4000 அளவில் இருப்பதால், 3840 x 2160 அளவுக் காணொளியிலும் ஓரங்களை வெட்டவும், காட்சியை மெல்ல இடம்வலமாக நகர்த்தவும் இடமிருக்கிறது. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்திருந்தால் வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒளிக்கேற்ற நிறச் சீரமைப்பை, தொடர் முழுவதற்கும் ஒரே முறையில் திருத்திவிடலாம். வேகத்தையும் அப்படியே பின்னர் மாற்றலாம்: வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் தொடரின் வேகத்தை 50 விழுக்காடாக்கினால் ஒவ்வொரு படமும் இரண்டு ஃபிரேம் நிற்கும். அப்போது வேக மாற்றத்தைக் கையாளும் ரீடைம் அமைப்பு 'நியரஸ்ட்' என்று இருக்க வேண்டும். பிளெண்ட் என்றிருந்தால் அடுத்தடுத்த படங்கள் கலந்து, உருவங்கள் பேய்நிழல்போலத் தெரியும்.

இவ்வழிக்கு ஓர் ஒழுங்கு தேவை. கோப்பு எண்கள் தொடர்ச்சியாக இருந்தால்தான் ரிசால்வ் அவற்றை ஒரே கிளிப்பாகக் காட்டும். பிடிக்காத ஒரு படத்தை முன்கூட்டியே அழித்தாலும் தொடர் இரண்டாக உடையும். பல கேமராக்களில் 9999-க்குப் பின் எண் 0001-க்குத் திரும்பிவிடும் என்பதால், ஏற்றுமுன் மொத்தமாகப் பெயர் மாற்றுவது பாதுகாப்பு.

டைம்-லாப்ஸில் ஆனியன் ஸ்கின்னுக்கு வேலையே இல்லை என்பதால் அங்கே எனக்குத் தயக்கமும் இல்லை. 10 வினாடிக்கு ஒரு படம் என ஒரு மணி நேரம் எடுத்தால் 360 படங்கள், அதாவது 24 ஃபிரேம் வேகத்தில் 15 வினாடிக் காட்சி. அதற்காக ஒரு மடிக்கணினியை மொட்டைமாடியில் வெயிலில் வைத்திருக்க வேண்டியதில்லை, குறித்த இடைவெளியில் தானாகப் படமெடுக்கவைக்கும் இன்டர்வலோமீட்டர் போதும். ஆனால், லென்ஸில் ஒளி நுழையும் துவாரம் ஒவ்வொரு முறையும் நூலளவு மாறி மூடுவதால் காட்சி மினுக்கும் சிக்கல் இவ்வழியில் உண்டு. மினுக்கலைக் குறைக்கும் ரிசால்வின் டிஃப்ளிக்கர் வசதி கட்டணப் பதிப்பில் மட்டுமே இருப்பதால், இலவசப் பதிப்பை நம்புவோர் துவாரத்தை முழுமையாகத் திறந்துவைத்தோ, துவார வளையம் கொண்ட பழைய மேனுவல் லென்ஸைப் பொருத்தியோ எடுப்பது மேல்.