தைரொய்ட் அதிகமாகச் சுரப்பவர்களுக்குக் கடற்பாசிக் குளிசை விற்கும் இடம் பற்றிய எச்சரிக்கை

திருகோணமலை நகருக்குள், பெயர்ப் பலகையில் ‘இயற்கை முறை ஹோர்மோன் சிகிச்சை’ என்று எழுதி நடத்தப்படும் ஓர் இடத்தில் நான் ஏமாந்த விதத்தை, இதே நோயுள்ள வேறொருவர் அங்கே போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு வயது 33. உப்புவெளியில் வசிக்கும் ஆசிரியை. கடந்த ஆண்டு, வயிறாரச் சாப்பிட்டும் உடல் மெலிந்து, கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கி, இரவில் நெஞ்சு படபடத்து உறக்கம் கெட்டபோது, இரத்தப் பரிசோதனையில் கிரேவ்ஸ் நோய் என்று தெரிந்தது. நோயெதிர்ப்புத் தொகுதியே கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பியைத் தூண்டி அளவுக்கு மீறிச் சுரக்கவைக்கும் நோய் அது. கிளினிக்கில் சுரப்பைக் குறைக்க கார்பிமசோலும், படபடப்பைத் தணிக்க புரொப்ரனலோலும் தந்தார்கள். இரண்டு மாதத்தில் நாடித்துடிப்பு அடங்கி உறக்கமும் திரும்பியது.

அந்த நேரத்தில் கார்பிமசோல் குளிசையால் உடம்பில் அரிப்பு ஏற்பட்டது. கிளினிக்கில் சொல்லியிருந்தால் அரிப்புக்கு மருந்து தந்திருப்பார்கள், தேவையானால் குளிசையை மாற்றியிருப்பார்கள். நானோ அயலவர் ஒருவரின் சொல்லைக் கேட்டு அந்த இடத்துக்குப் போனேன்.

அங்கிருந்தவர் என் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னவை இன்னும் காதில் நிற்கின்றன: “தங்கச்சி, இந்தக் குளிசை உங்கட வெள்ளை அணுவை எல்லாம் அழிச்சிடும். கதிர்வீச்சு மருந்து குடிச்சா இனி பிள்ளையே தங்காது. கழுத்தை வெட்டினா குரல் போயிடும், பிறகு எப்படிப் படிப்பிப்பீங்கள்?” அவர் வெறும் பொய் சொல்லியிருந்தால் நான் சந்தேகித்திருப்பேன். ஒவ்வொன்றிலும் பாதி உண்மை இருந்தது. மறுபாதியை அவர் சொல்லவில்லை.

கார்பிமசோல் வெள்ளை அணுக்களைக் கடுமையாகக் குறைக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே நேரும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் நேரும். காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் குளிசையை நிறுத்தி அன்றே இரத்தம் சோதிக்க வேண்டும் என்று கிளினிக்கில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அவர் கதிர்வீச்சு மருந்து என்றது கதிரியக்க அயடினை; சுரப்பி அதை உள்வாங்கி, அதன் கதிர்வீச்சால் சுரப்பு குறையும். அது 1940களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் சிகிச்சை. அதன் பின் ஆறு மாதம் கருத்தரிக்கக் கூடாது, சில நாட்கள் குழந்தைகளை நெருங்கி அணைக்கக் கூடாது, இந்த நோயால் கண் வீங்கியிருப்பவர்களுக்கு அது கண்ணை மோசமாக்கலாம், பலருக்கு வாழ்நாள் முழுவதும் தைரொய்ட் ஹோர்மோனுக்கு ஈடான தைரொக்சின் குளிசை தேவைப்படும். இவற்றுள் எதுவும் பிள்ளையே தங்காது என்பதாகாது. சுரப்பியை அகற்றும் சத்திரசிகிச்சையில் குரல் நரம்புக்கும் கல்சியத்தைச் சீராக்கும் சிறு சுரப்பிகளுக்கும் ஆபத்து உண்டு. அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் நிரந்தரமான குரல் பாதிப்பு அரிது.

நான் இன்னொரு பிள்ளைக்கு ஆசைப்படுகிறேனா என்று அவர் கேட்கவேயில்லை. இந்த முடிவில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கருவின் ஆரம்ப வாரங்களில் கார்பிமசோல் பிறவிக் குறைபாட்டை உண்டாக்கக்கூடும் என்பதால், அந்தக் காலத்தில் வேறு குளிசைக்கு மாற்றுவார்கள்.

மூன்று வழிகளையும் இப்படிப் பயமுறுத்தி அடைத்த பின், ஒரு மாதத்துக்கான கடற்பாசிக் குளிசைப் போத்தலை 18,500 ரூபாய்க்குத் தந்து, கார்பிமசோலை நிறுத்தச் சொன்னார். பற்றுச்சீட்டு தரவில்லை. லேபிளில் அயடினின் அளவும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. தைரொய்ட் சுரப்பி தன் ஹோர்மோனை அயடினிலிருந்துதான் உருவாக்குகிறது. கடற்பாசியில் அயடின் மிக அதிகமாக இருக்கலாம். ஏற்கனவே எரியும் அடுப்பில் நான் பணம் கொடுத்து விறகு வைத்தேன்.

ஐந்தாவது வாரம், பாடசாலைக் காலைக் கூட்டத்தில் நின்றபடியே கண் இருண்டு விழுந்தேன். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 142, அதுவும் ஒழுங்கின்றி. நான்கு நாள் விடுதியில் இருந்தேன். அங்கே வைத்தியர் போத்தலைப் பார்த்துவிட்டு விளக்கியபோதுதான் இன்னொரு இழப்பு புரிந்தது: அயடின் நிரம்பிய சுரப்பி கதிரியக்க அயடினைப் போதிய அளவு உள்வாங்காது, ஆகவே அந்தச் சிகிச்சையை நான் விரும்பினாலும் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும்.

சித்த மருத்துவத்தை நான் குறை கூறவில்லை. அது நம் ஊரிலேயே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், முறையாகக் கற்பிக்கப்படுகிறது. இவரோ தம் பதிவு எதையும் காட்டாதவர்; நான் கேட்டபோது பேச்சை மாற்றினார்.

இப்போது மீண்டும் கார்பிமசோல் எடுக்கிறேன். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் எடுத்து நிறுத்தினாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பும் என்பதால், பிள்ளை ஆசையையும் கணக்கில் எடுத்து, சத்திரசிகிச்சை பற்றி நானும் கணவரும் வைத்தியருடன் பேசி வருகிறோம். போத்தலின் படத்துடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன்; அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. இதே போத்தலை வாங்கியவர்கள் அதைக் குப்பையில் எறிந்துவிடாமல், குடிப்பதை மட்டும் நிறுத்தி, கையோடு கிளினிக்குக்கு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுங்கள். நிறுத்திய குளிசை இருந்தால் அதையும் அன்றே சொல்லுங்கள்.