ஒரே கோனுக்கு இரண்டு பலம் சொன்ன ஆய்வகம்: பாவு நூல் வாங்குவோர் கவனத்துக்கு

விற்பவர் தரும் அறிக்கையை மட்டும் நம்பாமல், வெளி ஆய்வகத்தில் காசு கொடுத்துச் சோதித்த பிறகே நூல் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஆய்வகமே ஏமாற்றினால் என்ன ஆகும் என்பதை எங்கள் நெசவுக்கூடத்தில் அனுபவித்துவிட்டோம்.

எடுத்தது 40-ஆம் நம்பர் (நம்பர் கூடினால் நூல் மெல்லியது) பருத்தி நூல், பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு. ஆய்வகத்தைக் காட்டிவிட்டவர் நூலை விற்ற ஏஜெண்ட். அறிக்கை ஒரே பக்கம். பலம், அதாவது நூலை அறுக்கத் தேவைப்படும் விசை, டெக்ஸுக்கு (ஆயிரம் மீட்டர் நூலின் கிராம் எடை) 19 சென்டிநியூட்டன்; நீட்சி, அதாவது அறும் முன் நூல் நீளும் அளவு, ஏறக்குறைய 7 சதவீதம்; கீழே முத்திரை, கையெழுத்து. 40-ஆம் நம்பருக்கு இது நல்ல எண்தான். லாட்டை எடுத்து, கஞ்சி போட்டு, தறியில் ஏற்றினோம்.

ஏற்றியதிலிருந்தே பாவு அறுந்துகொண்டே இருந்தது. கஞ்சியைச் சந்தேகித்தோம், தறியின் இழுப்பைச் சந்தேகித்தோம், கூடத்தின் ஈரப்பதத்தைக்கூட மாற்றிப் பார்த்தோம். நெய்பவர்கள் முடிச்சுப் போட்டுப் போட்டு ஓய்ந்துபோனார்கள். துணி முழுக்க முடிச்சும் விட்டுப்போன இழையுமாக இருந்ததால், ஆர்டர் கொடுத்தவர் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம்தான் ஆய்வகத்தையே சோதிப்பது என்று முடிவு செய்தோம். ஒரே கோனிலிருந்த (நூல் சுற்றிய கூம்பு) நூலை இரண்டு கோன்களாகச் சுற்றி, வேறு வேறு லாட் எண் எழுதி, ஒன்றின் சீட்டில் மட்டும் ‘பிரீமியம்’ என்று சேர்த்து அதே ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ‘பிரீமியம்’ கோனுக்கு 20-ஐத் தாண்டிய பலம் வந்தது. மற்றதற்கு 17. ஒரே நூலுக்கு! இன்னொன்றும் கண்ணில் பட்டது: இரண்டு அறிக்கையிலும் நீட்சி, எங்கள் முதல் அறிக்கையில் இருந்த அதே எண், இரண்டாவது தசமம் வரை மாறாமல். பருத்தி நூலில் ஒரே கோனை மறுபடி சோதித்தாலே தசமத்தில் வித்தியாசம் வரும். இது அளந்து வந்த எண் அல்ல, பழைய அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியது.

மூல அளவுகளைக் கேட்டோம். மெஷினில் சேமிப்பதில்லை என்றார்கள். விடாமல் கேட்ட பிறகு, முதல் சோதனையின் பிரிண்ட் மட்டும் வந்தது. பத்தே இழைகளை இழுத்திருக்கிறார்கள். அதில் குறைந்த பலம் காட்டிய இரண்டை ‘பிடியில் அறுந்தது’ என்று அடித்துவிட்டு, மீதிக்குச் சராசரி போட்டிருக்கிறார்கள். பிடியின் ஓரத்தில் நசுங்கி அறுந்த இழையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது முறைதான். ஆனால் பலம் குறைந்த இழைகள் மட்டும் பிடியில் அறுந்தன என்றால் அதை எப்படி நம்புவது?

இரண்டு பிடிகளுக்கும் இடையே வைத்திருந்த நீளம் 100 மில்லிமீட்டர். தனி நூலின் பலத்துக்கும் நீட்சிக்குமான ஐஎஸ்ஓ 2062 தரமுறை 500 மில்லிமீட்டரைச் சொல்கிறது, 250-க்கும் இடம் தருகிறது. இந்த நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? நூல் எங்கும் ஒரே சீராக இருக்காது. மெலிந்த இடம், முறுக்குக் குறைந்த இடம் என்று அங்கங்கே இருக்கும். இழுக்கும்போது இருப்பதிலேயே பலவீனமான இடத்தில்தான் அறும், சங்கிலி அதன் மிக இற்ற வளையத்தில் விட்டுப்போவதைப் போல. துண்டு நீளமாக இருந்தால் அதற்குள் ஒரு மோசமான இடம் சிக்கும் வாய்ப்பு அதிகம். குட்டையாக இருந்தால் தப்பிவிடும், பலம் கூடுதலாகத் தெரியும். பருத்தி நூலை வைத்து நெசவு ஆராய்ச்சியாளர் எஃப்.டி. பியர்ஸ் இதை 1926-லேயே கணக்காக எழுதிவிட்டார். ஆய்வகம் நடத்துபவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை.

நீட்சியில் நடந்தது இன்னும் மோசம் என்பேன். இழுப்பதற்கு முன் நூலுக்குச் சிறிய முன்விசை கொடுத்து, தொய்வை எடுத்துவிட வேண்டும். இந்தத் தரமுறையில் அது டெக்ஸுக்கு 0.5 சென்டிநியூட்டன். கொடுக்காமல் தொய்வாக மாட்டினால், தொய்வு நிமிர்வதையும் மெஷின் நீட்சி என்றே எழுதும். 100 மில்லிமீட்டர் துண்டில் 2 மில்லிமீட்டர் தொய்வு இருந்தால் இல்லாத நீட்சி 2 சதவீதம் சேர்ந்துவிடும். பிடியிலிருந்து நூல் வழுக்கினாலும் இதே கதைதான். எங்கள் பிரிண்டில் முன்விசை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. பாவுக்கு இது உயிர் போகிற விஷயம். தறி ஒவ்வொரு முறை பாவைத் திறந்து மூடும்போதும் இழை நீண்டு சுருங்குகிறது. கஞ்சி போட்டதும் நீட்சி இன்னும் குறைகிறது. பலம் இருந்தும் நீட்சி இல்லாத நூல் தறியில் நிற்காது.

சோதனை அறையின் வெப்பநிலையும் ஈரப்பதமும் எங்குமே குறிப்பிடப்படவில்லை. 20 டிகிரி செல்சியஸ், 65 சதவீத ஈரப்பதம் என்பது ஐஎஸ்ஓ 139 சொல்லும் நிலை. பருத்தி ஈரம் ஏறினால் பலம் கூடிக் காட்டும், விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதிப் பலத்தை இழக்கும். அறையின் நிலை எழுதாத எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.

அதே கோனை வேறு ஆய்வகத்தில் கொடுத்தோம். 500 மில்லிமீட்டர், 50 இழை. சராசரி 15, நீட்சி ஐந்துக்கும் கீழே. சராசரியைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரி: மிகக் குறைந்த பலம் 9. எங்கள் தறியை நிறுத்தியது இந்த மாதிரி இழைகள்தான். ஆயிரக்கணக்கான இழைகள் ஓடும் பாவில் சராசரி இழை அறுவதில்லை. ஆகவே எத்தனை இழை இழுத்தார்கள், சிவி சதவீதம் (இழைக்கு இழை பலம் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு) என்ன, மிகக் குறைந்தது எவ்வளவு, பிடிகளுக்கு இடையே எவ்வளவு நீளம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே கோனை அனுப்புங்கள். பஞ்சின் பலத்தைக் காட்டி நூல் விற்பவர்களிடமும் கவனம் தேவை. பஞ்சுக் கற்றையை எச்விஐ என்ற பஞ்சு சோதனைக் கருவியில் வெறும் 3.2 மில்லிமீட்டர் இடைவெளியில் இழுத்து வரும் எண் அது. டெக்ஸுக்கு 30 கிராம் என்று இருக்கும். அதிலிருந்து நூற்ற நூலில் அந்தப் பலத்தில் பாதியை ஒட்டித்தான் வரும்.

முத்திரையையும் நம்பிவிடாதீர்கள். ஆய்வகங்களின் திறனுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. இந்த ஆய்வகத்தின் அங்கீகாரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் சாயம் போகும் சோதனை இருக்கிறது, நூல் பலம் இல்லவே இல்லை.

சோதனைக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம், புகாரை எழுத்தில் வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். எல்லா அறிக்கைகளையும் அந்த பிரிண்டையும் சேர்த்து அங்கீகாரம் கொடுத்த அமைப்புக்கு அனுப்பியிருக்கிறோம். பிரிக்காத கோன்களைச் சீல் வைத்து ஒதுக்கி வைத்திருக்கிறோம், யார் வேண்டுமானாலும் மறுசோதனை செய்து பார்க்கலாம். ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. உங்கள் கையிலும் இப்படி இரண்டே எண்கள் உள்ள அறிக்கை இருந்தால், கஞ்சி போடுவதற்கு முன் வேறு இடத்தில் ஒரு கோனைக் கொடுத்துப் பாருங்கள். கஞ்சி ஏறிய நூலை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.